பக்கத்து வீட்டு மரமும் எங்கள் வீட்டு டிஷ்ஷும்

ஒரு மரத்தைச் சாவிலிருந்து மீட்டவள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கண்டிப் பக்கம் கெலிஓயாவிலிருந்து மேலே ஏறும் எங்கள் லேனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நானே சொல்லிவிடுவேன்.

மரம் எங்களுடையதல்ல, பக்கத்து வீட்டு ராத்தாவுடையது. இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நாங்களும் குடிவந்த நாளிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவருடைய பிள்ளைகள் எல்லாம் கட்டாரில். ராத்தா தனியாகத்தான் இருக்கிறார். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தகரக்கூரைச் சமையலறை, அதற்குப் பின்னால் பட்டர் ஃப்ரூட் மரம், வீட்டைவிட நல்ல உயரம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் கீழே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பமாட்டார். வெங்காயம் உரிப்பது, பிள்ளைகளோடு போனில் பேசுவது, லேனில் போகிறவர் வருகிறவரை நிறுத்தி விசாரிப்பது எல்லாம் அங்கேதான். அந்த மரம் இல்லாவிட்டால் பின்னேர வெயிலுக்கு அந்தத் தகரத்தின் கீழே மனிதர் நிற்க முடியாது. நோன்பும் பழமும் ஒரே காலத்தில் வந்துவிட்டால் எங்களுக்கும் யோகம். பாலும் சீனியும் போட்டு அடித்து, ஒரு ஜக்கு நிறைய மதிலுக்கு மேலால் எங்கள் வீட்டுக்கு வரும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளைக் கண்டியில் இறக்கிவிட்டு வந்தால், மறுபடி அவர்களை ஏற்றப் போகும்வரை அவருக்கு டிவிதான் உலகம். கிரிக்கெட் பார்ப்பார், செய்தி பார்ப்பார், எதுவும் இல்லாவிட்டால் யாரோ எங்கேயோ மீன் பிடிப்பதைப் பார்ப்பார். நல்ல மனிதர். பக்தி கொஞ்சம் அதிகம். ஆயுத பூஜை வந்தால் வேனுக்குப் பொட்டு வைப்பதோடு நிற்கமாட்டார். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, மேலே இருக்கும் டிஷ் என்று வீட்டில் உழைக்கிற சாமான் ஒன்று விடாமல் விபூதி, சந்தனம், குங்குமம் வாங்கிக்கொள்ளும். ஒரு வருஷம் வழியில் நின்ற என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டுத்தான் போனார். நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி போலிருக்கிறது.

டிஷ் நிற்பது எங்கள் சமையலறைக்கு மேலே உள்ள கொங்கிரீட் ஸ்லெப்பில், ராத்தாவின் பக்கத்து விளிம்பில். அந்த ஸ்லெப் என் ராஜ்ஜியம். நான் மிளகாய்த்தூள் அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். செத்தல் மிளகாயைக் கடையில் வாங்கி அப்படியே மில்லுக்குக் கொண்டுபோக முடியாது. மொறமொறவென்று ஆகும்வரை இன்னொரு முறை காய வேண்டும். அதனால் மகாவலி ஆற்றிலிருந்து பனிமூட்டம் எப்போது ஏறும், எப்போது கலையும், வெயில் ஸ்லெப்பின் எந்த மூலையில் முதலில் விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பின்னேரத்தில் ராத்தாவின் மரத்து நிழல் என் மிளகாய்மேல் விழும். அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் பொய். சுளித்திருக்கிறேன். ஆனால் மரத்தை வெட்டச் சொல்லும் எண்ணம் மட்டும் எனக்கு வந்ததில்லை.

முதலில் பெருமழைக்கு மட்டும்தான் படம் போனது. அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டோம். அடுத்த வருஷம் தூறலுக்கும் போனது. அதற்கடுத்து, மழையே இல்லாத காலையிலும் போக ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடையும், வாய் ஒரு பக்கமும் கன்னம் ஒரு பக்கமும் போகும், கடைசியில் நீலத்திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்து நிற்கும்.

செய்யாத வைத்தியமில்லை. வயரை மாற்றினோம். வயரின் நுனிகளில் திருகும் மூடிகளை மாற்றினோம். டிஷ்ஷின் முன்னால் நீண்டு நிற்கும் கையின் நுனியில் முட்டி மாதிரி ஒன்று இருக்கும். வானத்திலிருந்து வருவதை டிஷ் வாரிக் கொடுக்க, வாங்கிக்கொள்வது அதுதான். அதில் மழை விழாமலிருக்க, பெரிய சோடாப் போத்தல் ஒன்றை நீளவாக்கில் வெட்டிக் கூரை மாதிரி எப்போதோ கட்டியிருந்தார் என் வீட்டுக்காரர். அந்தக் கட்டையும் இன்னும் இறுக்கினார். பிறகு டிஷ்ஷைத் திருப்பும் வைபவம். அவர் மேலே ஸ்லெப்பில், நான் கீழே டிவிக்கு முன்னால்.

“வந்திச்சா?”

“இல்லைங்க!”

“இப்ப?”

“வந்திச்சு... போயிருச்சு!”

“வந்திச்சா போயிருச்சா? ஒழுங்கா ஒண்ண சொல்லு!”

“ரெண்டுந்தாங்க!”

அன்றைக்கு எங்கள் குடும்ப சமாசாரம் லேன் முழுக்கக் கேட்டது.

கம்பனிக்கு அறிவித்தால் ஆள் வராமலில்லை. ஆனால் உச்சிவெயிலில் வருவார். அந்த நேரத்தில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். தன் மீட்டரை மாட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், “இப்ப நல்லாத்தானே இருக்கு” என்பார். கடைசியாக வந்தவர் அதோடு போயிருக்கலாம். போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று ராத்தாவின் மரத்தை அண்ணாந்து பார்த்து, “மரம் நல்லா வளந்திருக்கு, அதுவும் மறைக்கலாம்” என்றார். அவருக்கு அது போகிற போக்கில் விட்ட ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அது கோர்ட்டுத் தீர்ப்பாகிவிட்டது.

டிஷ்ஷைப் பார்த்தால் அது நேராக மரத்தைப் பார்த்து நிற்கிற மாதிரிதான் இருக்கும். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. மரம் வளர்வது உண்மை. ஆனால் காலையில் வளர்ந்து பகலில் குறைகிற மரம் எந்த ஊரில் இருக்கிறது? சேட்டிலைட் வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, ஸ்லெப்பில் நின்று வானத்துக்குக் காட்டினேன். மரத்தின் உச்சிக்கும் நன்றாக மேலே, வெறும் வானத்தில், சிவப்பாக ஒரு புள்ளி நின்றது. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

“இந்த போன்தானே போன மாசம் நம்ம வீடு மகாவலி ஆத்துக்குள்ள இருக்குன்னு காட்டிச்சு?” என்றார்.

காட்டியது உண்மைதான்.

அதற்குப் பிறகுதான் அந்த மேட்ச் வந்தது. அவருடைய வேன்காரச் சிநேகிதர்கள் எல்லோரும் எங்கள் ஹாலில். நான் கடலை வடை சுட்டுச் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே சின்னத் தூறல். கடைசி ஓவர், கடைசி விக்கெட், பந்து வீச ஆள் ஓடி வருகிறான், திரை நீலமாகிவிட்டது. ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், மரண வீட்டில்கூட அப்படிக் கேட்டதில்லை. இவர் எழும்பிப் பின்வாசலுக்குப் போய், மதிலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

“அந்த மரம் நிக்கிற வரைக்கும் இந்த வீட்ல டிவி பாக்க முடியாது! மனுசன் நிம்மதியா ஒரு மேட்ச் பாக்க வேணாமா?”

மதிலுக்கு அந்தப் பக்கம் சமையலறையில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்தது. கையில் இருந்த வடைத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்த கோபத்தை, ஹாலில் ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ராத்தா சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். மரத்தடியில் கதிரை இருந்தது, ராத்தா இல்லை. மதிலுக்கு மேலால் தட்டு எதுவும் வரவுமில்லை, நான் அனுப்பத் துணியவுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அவரே எங்கள் கேட்டடிக்கு வந்தார்.

“மகள், நாளைக்கி மரம் வெட்ற பாஸ் வாறார்” என்றார். எங்கள் பக்கம் தச்சர், மேசன், மரம் வெட்டுகிறவர் எல்லோரும் பாஸ்தான். “கொப்ப மட்டும் வெட்டினா திரும்ப வளருமாம். அடியோட எடுக்கச் சொல்லீட்டேன்.”

“என்னா ராத்தா சொல்றீங்க! அவரு ஏதோ கோவத்துல கத்தினாரு. அதுக்காகப் போயி...”

“ஒரு மரத்துக்காக அக்கம்பக்கத்துல மனஸ்தாபம் வாணாம், மகள். எனக்கு ஒண்டுண்டா முதல்ல ஓடி வாறது நீங்க ரெண்டு பேரும்தானே.”

“அப்ப அந்தச் சூட்டுல எப்படி சமைப்பீங்க?”

“ஃபேன் ஒண்டு போட்டுக்கொள்ளலாம்” என்றார். என்னிடம் பேசினாரே தவிர, பார்த்தது மரத்தைத்தான்.

உள்ளே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. ஆனால் வீராப்பு விடவில்லை. “அவங்களா எடுத்த முடிவுக்கு நாம என்னா செய்றது?” என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பனி கனமாக இறங்கியிருந்தது. பாஸ் வந்து கயிற்றோடும் மெஷின் வாளோடும் மரத்தில் ஏறிவிட்டார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் நிற்க முடியாமல் நான் ஸ்லெப்புக்கு ஏறி, மிளகாயை மூடியிருந்த படங்கை விலக்கினேன். வாள் உறுமியது. உச்சிக்கொப்பு ஒன்று, காய்களோடு, சடசடவென்று கீழே விழுந்தது. எனக்கு நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

“கொப்பு விழுந்திருச்சே! படம் வந்திச்சா?” என்று கீழே பார்த்துக் கத்தினேன். நேற்றிலிருந்து அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இல்ல” என்றார். அந்தக் குரலில் வீராப்பு இல்லை.

என் கையில் ஒரு பிடி மிளகாய் இருந்தது. படங்கு போட்டு மூடியும் பனி புகுந்து, தோல் மாதிரி வளைந்தது. காற்றே இல்லை, ஓர் இலை ஆடவில்லை. நேற்றுக் காலையும் இப்படித்தான் இருந்தது, நேற்றும் படம் இல்லை. வெயில் ஏறி நான் மிளகாயைப் புரட்டும்போது அது கலகலவென்று சத்தம் போட ஆரம்பித்தது, அப்போதுதான் கீழே செய்தியும் கேட்டது. முந்தின நாளும் அப்படித்தான். மிளகாய் நனைந்தால் படம் இல்லை. மிளகாய் காய்ந்தால் படம் வருகிறது. அப்படியானால் என் மிளகாய் மாதிரியே பனியைக் குடித்துக்கொண்டு, வெயிலில் காய்ந்துகொண்டு, ஏதோ ஒன்று இந்த ஸ்லெப்பிலேயே நிற்கிறது!

தகரம் பனியைக் குடிக்காது. வயரும் குடிக்காது. டிஷ்ஷின் முன்பக்கம் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டும்தான் தெரியும். முட்டியின் முகம் அந்தப் பக்கமாக, டிஷ்ஷைப் பார்த்தபடி இருக்கும். விளிம்புச் சுவரில் வயிற்றை அழுத்தி, கையைச் சுற்றி வளைத்து, சோடாப் போத்தல் கூரைக்குள் விட்டேன். வழவழவென்று பிளாஸ்டிக் தட்டுப்பட வேண்டிய இடத்தில், பாலில் ஊறின பாண் துண்டு மாதிரி கொழகொழவென்று ஏதோ தட்டுப்பட்டது. கையை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள், அதன்மேல் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

சிரிப்பு முதலில் வந்ததா ஆத்திரம் முதலில் வந்ததா தெரியவில்லை. இந்த மனிதர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இப்படியே கையை வளைத்து, அந்த முட்டியின் முகத்துக்கு விபூதி பூசி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருக்கிறார். மழையில் கரைந்து போயிருக்க வேண்டியதை அவர் கட்டிய போத்தல் கூரையே பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு வருஷப் பொட்டின்மேல் அடுத்த வருஷப் பொட்டு என்று ஏறி ஏறி ஒரு விரல் தடிப்புக்கு வந்துவிட்டது. வானத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்த படம், வாசலில் இந்த ஈரச் சாந்துக்குள் புதைந்து செத்துக்கொண்டிருந்தது.

“பாஸ், எபா! எபா!” என்று கத்தினேன். வேண்டாம் என்று சிங்களத்தில். வாளின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “ராத்தா! நிப்பாட்டச் சொல்லுங்க! வெட்ட வேணாம்!”

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். வாள் நின்றது.

“என்ன மகள்? என்ன நடந்த?”

“கொஞ்சம் பொறுங்க ராத்தா, கொஞ்சந்தான்!”

தொட்டித் தண்ணீரில் துணியை நனைத்து மறுபடி கையை விட்டேன். நகத்தால் சுரண்டினேன், துணியால் துடைத்தேன், மறுபடி சுரண்டினேன். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, வெள்ளை வந்தது, அதற்கு அடியில் மறுபடியும் சிவப்பு. வருஷங்கள் ஒவ்வொன்றாக என் கையில் உரிந்து வந்தன. கடைசியில் விரலுக்கு வழுவழுப்பாகப் பிளாஸ்டிக் தட்டியது. சேலைத் தலைப்பின் காய்ந்த நுனியால் ஈரம் போகத் துடைத்தேன். துடைத்துவிட்டு அப்படியே நின்றேன். கீழே சத்தமில்லை. மரத்தில் பாஸ், நிலத்தில் ராத்தா, இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று எங்கள் ஹாலிலிருந்து சவர்க்கார விளம்பரப் பாட்டு ஒன்று முழுச் சத்தத்தில் கிளம்பியது.

“வந்திருச்சு! ஏய், வந்திருச்சு! பளிச்சுன்னு இருக்கு!”

பனி இன்னும் கலையவில்லை. என் மிளகாய் இன்னும் தோல் மாதிரித்தான் கிடந்தது. படம் வந்துவிட்டது! நான் அந்த ஸ்லெப்பில் நின்று கையைத் தட்டினேன். இந்த வயதில், மிளகாய்க்கு நடுவில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரித் தட்டினேன்.

அவர் ரிமோட்டும் கையுமாக மேலே ஓடி வந்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். என் கையைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

“பூஜைக்கு வச்ச பொட்டயா அழிச்ச?” என்றார். அந்த நேரத்திலும் அதுதான் அவருக்கு முதலில் வாயில் வந்தது.

“இத்தன வருசமா டிஷ்ஷோட கண்ணுல நீங்களே சந்தனத்த அப்பி வச்சிட்டு, பக்கத்து வீட்டு மரத்த வெட்ட வச்சீங்களே! போங்க. நீங்களே போயி அவங்ககிட்ட சொல்லுங்க.”

போனார். ரிமோட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே போனார். விழுந்து கிடந்த கொப்புக்குப் பக்கத்தில் நின்று ராத்தாவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், கையை வளைத்துக் காட்டினார், தலையைக் குனிந்துகொண்டார். ராத்தா கதிரையைத் தேடிப் போய் உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேலேயிருந்த பாஸ் என்னவென்று கேட்டார், ராத்தா சிங்களத்தில் சொன்னார், அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து விழாமல் தப்பியதே பெரிய காரியம்.

“மகள்!” என்று ராத்தா என்னை அண்ணாந்து கூப்பிட்டார். “என்ட மரத்துல ஒரு குத்தமும் இல்லியாம்!”

“இல்ல ராத்தா! ஒரு குத்தமும் இல்ல!” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கம்பனி ஆளைப் பற்றிப் பிறகு யோசித்தேன். டிஷ்ஷுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் அந்தச் சந்தனத்தைக் காணாமலா இருந்திருப்பார்? கண்டிருப்பார். சாமி விஷயம், நமக்கேன் வம்பு என்று கையை எடுத்திருப்பார். பொட்டு வைத்த சாமானில் கைவைக்க நம் ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? அவரை நான் மன்னித்துவிட்டேன். மரத்தின்மேல் பழி போட்டதை மட்டும் மன்னிக்கவில்லை.

விழுந்த கொப்பிலிருந்த முற்றிய காய்களை ராத்தா அரிசி வாளிக்குள் வைத்துப் பழுக்க வைத்தார். ஜக்கு மறுபடியும் மதிலேறி வந்தது. அடுத்த மேட்சுக்கு வேன்காரர்கள் எல்லோரும் மறுபடி வந்தார்கள், வெளியே மழையும் தூறிக்கொண்டுதான் இருந்தது. டிவிக்கு நேரே இருந்த நல்ல கதிரையில் ராத்தாவை உட்கார வைத்தோம். அவருக்குக் கிரிக்கெட் ஒன்றும் விளங்காது. மற்றவர்கள் கத்தும்போது அவரும் கத்தினார், பிறகு யார் வென்றது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது படம் உடைகிறதா என்பதை மட்டும்தான். ஒரு சதுரம்கூட உடையவில்லை.

அந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டோடு வேனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு கடைசியில் ஸ்லெப்புக்கு ஏறினார். டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். வைக்கவும் பயம், வைக்காமல் போகவும் மனமில்லை. விரலில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு அவர் தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஏதாவது சொல்லலாமென்று நான் வாயைத் திறப்பதற்குள் மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

“தம்பி! மொகத்துல வாணாம்! கால்ல வைங்கொ, கால்ல!”

லேனில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். குனிந்து, டிஷ்ஷைத் தாங்கி நிற்கும் கம்பியின் அடியில் விபூதி பூசி, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். நான் சுண்டல் கிண்ணத்தை மதிலுக்கு மேலால் நீட்டினேன்.

அன்று பொழுதுபடும் நேரத்தில் மகாவலிப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. மிளகாயை மூடிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதில் மறைந்தது, தகரக்கூரை மறைந்தது, மரமும் அடியிலிருந்து உச்சிவரை மறைந்துபோனது. அதற்குள்ளேயிருந்து ராத்தாவின் குரல் மட்டும் வந்தது.

“மகள், படம் ஈக்கிதா?”

“இருக்கு ராத்தா!” என்று லேன் முழுக்கக் கேட்கக் கத்தினேன். “மரம் இருக்கா?”

“ஈக்கிது, மகள், ஈக்கிது!”